“வயித்த அமுக்காம எந்தக் குழந்தையும் வெளிய வராது” என்று சொல்பவர்களுக்கு

தாழை:
பிரசவ அறையில் தனக்கு நடந்ததை ஒரு பெண் நான்கு பத்தியில் எழுதியிருந்தார். முதல் பிரசவம். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், ஒருக்களிக்கக்கூட விடவில்லை. கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்ததும் ஒரு நர்ஸ் ஸ்டூலில் ஏறி நின்று முழங்கையால் மேல்வயிற்றை அமுக்கினார். “வேண்டாம், வலிக்குது” என்றதற்கு “குழந்தைக்கு ஏதாவது ஆனா நீ பொறுப்பா?” என்று அதட்டல். தையல் போடும்போது மரத்துப்போகவில்லை என்று கத்தியதற்கு இன்னொரு அதட்டல். யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை, நடந்ததை மட்டும் எழுதினார்.

அதற்கு வந்த பதில்: “வயித்த அமுக்காம எந்தக் குழந்தையும் வெளிய வராது. நர்ஸ் உதவிதான் செஞ்சாங்க, நன்றி சொல்லுங்க.” இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகள் மொத்தம் 56. குழந்தையை வெளியே கொண்டுவர மேல்வயிற்றை அமுக்குவதைப் பரிந்துரைக்கவில்லை என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. இது தெரிந்துதான் “நன்றி சொல்” என்கிறார்களா?

கத்தரிக்கோல்:
அந்தப் பதில எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், மறைஞ்சு நின்னு கல்லெறிய வேண்டாம்.

முழங்கைனு அந்தம்மா சொல்றது தப்பு. யாரும் முழங்கையால அமுக்க மாட்டாங்க. உள்ளங்கை. ரெண்டு உள்ளங்கையையும் கர்ப்பப்பை உச்சியில வெச்சு, வலி வர்ற நேரத்துல மட்டும், இடுப்புக்குழியப் பாத்து சாய்வா கொடுக்கிறது. வலி விட்டா கையும் விடணும். 1867-லயே கிறிஸ்டெல்லர்ங்கிற ஜெர்மன் டாக்டர் எழுதி வெச்ச முறை. நேத்து முளைச்ச பரிந்துரைய வெச்சு லேபர் ரூம்ல இருக்கிறவங்களைக் கொலைகாரங்க மாதிரி பேசாதீங்க.

மரக்குழல்:
முழங்கையா உள்ளங்கையா என்பதை முதலில் முடித்துவிடுவோம். ஸ்டூலில் ஏறி நின்றால் உள்ளங்கை வேலை செய்யாது; உடம்பின் எடையை இறக்க முன்கையும் முழங்கையும்தான் வசதி. ஸ்டூல் எதற்கு வந்தது என்று யோசியுங்கள், விடை கிடைக்கும். அளவு தெரியாத விசை அது. 5 கிலோ விழுந்ததா 30 கிலோ விழுந்ததா என்று சொல்ல எந்தக் கருவியும் அங்கே இல்லை. வாக்குவம், அதாவது குழந்தையின் தலையில் கப் ஒட்டி இழுக்கும் கருவி, போட்டால் எத்தனை இழுப்பு, எத்தனை முறை கப் கழன்றது என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அமுக்கினதை எழுதுகிறீர்களா? நல்ல சிகிச்சை என்றால் ஏன் எழுதுவதில்லை?

என்ன கெடும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசனவாய்த் தசை வரைக்கும் கிழிசல். விலா எலும்பு முறிவு. முன்பு சிசேரியன் ஆனவராக இருந்தால் பழைய தையல் பிரிந்து கர்ப்பப்பையே கிழியலாம். தலை வந்து தோள் மாட்டிக்கொண்ட குழந்தையாக இருந்தால், மேலிருந்து தள்ளத் தள்ள அந்தத் தோள் தாயின் இடுப்பெலும்பில் இன்னும் இறுகும். கழுத்து நரம்பு இழுபட்டுக் கை விளங்காமல் போகும். இத்தனையும் உங்கள் “உதவி”யில் அடங்கும்.

கத்தரிக்கோல்:
தோள் மாட்டினா அமுக்கக் கூடாதா? தோள் மாட்டினாத்தான் அமுக்கணும்னு எந்த வகுப்புலயும் சொல்லித் தர்றாங்களே! குழந்தைத் துடிப்பு கேக்கிற உங்க மரக்குழல் வழியா அது கேக்கலயா?

மரக்குழல்:
உச்சியில் அல்ல அய்யா. உச்சியில் அல்ல. அடிவயிற்றின் கீழ், முடி தொடங்கும் இடத்து எலும்புக்குச் சற்று மேலே. குழந்தையின் முதுகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்று, உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும், சுமார் 30 விநாடி. அதற்கு முன்பே இரண்டு பேர் தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடித்திருக்க வேண்டும். முக்கச் சொல்லக் கூடாது, தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கர்ப்பப்பை உச்சியில் யார் கையும் இருக்கக் கூடாது. கீழே அமுக்குவது மாட்டின தோளை எலும்புக்கு அடியில் நழுவவிட. மேலே அமுக்கினால் அதே தோள் அதே எலும்பில் ஆப்பு அறைந்த மாதிரி.

எட்டுத்திக்கு:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த இழையில் “அமுக்குவது” என்று நான்கு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பிறப்பதற்கு முன் உச்சியில் தள்ளுவது. இரண்டு, தோள் மாட்டினால் எலும்புக்கு மேலே. மூன்று, நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கர்ப்பப்பை கல்லாக இறுகக் கையால் தேய்த்துவிடுவது. நான்கு, சிசேரியனில் கீறல் வழியே தலையை எடுக்கும்போது உதவியாளர் மேலிருந்து கொடுப்பது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில்...

கத்தரிக்கோல்:
அமுக்குறது அமுக்குறதுதான். குழந்தை பொறந்த பின்னாடி அமுக்காம விட்டா ரத்தம் வாளி வாளியா போகும், அப்ப யாரைக் கூப்பிடுவீங்க? பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்குல பத்துக்கு ஏழு கர்ப்பப்பை சுருங்காததால வர்றது. அந்த நேரம் பொம்பள கத்தத்தான் செய்வா. கத்துறாளேன்னு கைய எடுத்தா போயிருவா. அந்தக் கையத்தான் நீங்க வன்முறைங்கிறீங்க.

தாழை:
அந்தப் பெண் எழுதியது குழந்தை பிறப்பதற்கு முன் நடந்தது. முன் என்ற சொல் உங்கள் கண்ணில் படவே படாதா?

கத்தரிக்கோல்:
வலியில இருக்கிறவளுக்கு முன்னா பின்னான்னு தெரியுமா?

விடியல்வெள்ளி:
இதுதான். இந்த ஒரு வரிதான் இந்த நோய் முழுவதும். அவள் உடம்பு, அவள் வலி, ஆனால் அவளுக்கு எதுவும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். கானா, கினி, மியான்மர், நைஜீரியா நான்கு நாடுகளில் செய்த ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பெண்கள் அடி, அதட்டல், அவமானம் ஏதோ ஒன்றைச் சந்தித்திருக்கிறார்கள். எப்போது உச்சம் தெரியுமா? குழந்தை பிறப்பதற்கு 30 நிமிடம் முன்னால் தொடங்கிப் பிறந்து 15 நிமிடம் வரை. ஸ்டூல் ஏறும் நேரம் அதுவேதான்.

மரக்குழல்:
பிறந்த பின் தேய்த்துவிடுவதைப் பற்றியும் கத்தரிக்கோலுக்குப் பாதிதான் தெரிகிறது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட் போட்டிருந்தால், ரத்தப்போக்கைத் தடுப்பதற்கென்று விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி எந்தப் பரிந்துரையும் இல்லை. தொட்டுப் பார்ப்பது வேறு. முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் கைவைத்து, கர்ப்பப்பை இறுகி இருக்கிறதா மாவு மாதிரி தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது ஒரு கை எலும்புக்கு மேலே கர்ப்பப்பையின் அடிப்பகுதியைத் தாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் கீழே இறங்கும். நஞ்சுக்கொடி பிரியும் முன்னே மேலிருந்து அமுக்கிக் கொடியையும் இழுத்தால் கர்ப்பப்பை உள்வெளியாகப் புரண்டுவிடும். அதற்கும் முன்னால், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிரம்பிய பை கர்ப்பப்பையை ஒரு பக்கம் தள்ளிவிடும், சுருங்க விடாது. சிறுநீரை வடித்துவிட்டாலே சிலருக்குத் தேய்க்கிற வேலை இருக்காது.

சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “கர்ப்பப்பை லூசா இருக்கு, ரத்தம் நிக்கறதுக்காகத் தேய்க்கப் போறேன், வலிக்கும், மூச்சை வாயால விடுங்க.” பத்து விநாடி. கை தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லலாம்.

கத்தரிக்கோல்:
எங்களுக்குப் பாதி தெரியும், உங்களுக்கு முழுசும் தெரியும். குடலைக் கழுவுற எனிமா பத்தின இழையிலயும் இப்படித்தான் வந்து பாடம் நடத்தினீங்க. அங்க கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல.

மரக்குழல்:
எனிமா இழையில் நான் சொன்னது அப்படியேதான் நிற்கிறது. பிரசவத்துக்கு வருகிறவருக்கு எனிமாவும் வேண்டாம், சவரமும் வேண்டாம். இரண்டாலும் தொற்று குறைவதில்லை. நீங்கள்தான் அங்கிருந்து பாதியில் போனீர்கள்.

கத்தரிக்கோல்:
நான் போகல. மலம் மேல பட்டா துடைக்கப் போறது யாருன்னு கேட்டேன். அதுக்கு பதில் இல்ல.

நடுச்சாமம்:
எனிமா சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும். முக்கும் கட்டத்தில் குழந்தையின் துடிப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதற்கு முன் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. அதாவது முக்குகிற ஒரு பெண்ணுக்கு ஒரு ஆள் முழுசாக வேண்டும். இரவு ஷிஃப்டில் ஒரே நர்ஸ், நான்கு கட்டில், அதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் முக்குகிறார்கள். அந்த நர்ஸ் என்ன செய்வார்? ஒன்றைச் சீக்கிரம் முடித்தால்தான் அடுத்த கட்டிலுக்குப் போக முடியும். ஸ்டூல் அங்கிருந்துதான் வருகிறது. அமுக்குகிற கையைத் திட்டுகிறீர்கள், அந்தக் கையை ஒற்றையாக விட்டவரை யாரும் கேட்கவில்லை.

விடியல்வெள்ளி:
ஆள் பற்றாக்குறை அதட்டலுக்குக் காரணம் ஆகாது. ஆள் குறைவாக இருந்தால் வாயில் மரியாதையும் குறைந்துவிடுமா?

நடுச்சாமம்:
நியாயப்படுத்தவில்லை. காரணம் சொன்னேன். இரண்டும் வேறு. படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

கத்தரிக்கோல்:
பாத்தீங்களா, நடுச்சாமமே சொல்லிட்டாரு, அமுக்குறது அவசியம்னு.

நடுச்சாமம்:
அப்படி எங்கே சொன்னேன்?

தாழை:
சரி, அமுக்கக் கூடாது. குழந்தை இறங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மரக்குழல் எழுதட்டும். ஒவ்வொரு முறையும் “வேற வழி இல்ல” என்ற இடத்தில் வந்துதான் நிற்கிறார்கள்.

மரக்குழல்:
எழுதுகிறேன். யாராவது கேட்பார்கள் என்றுதான் காத்திருந்தேன்.

முதலில் கடிகாரம். கர்ப்பப்பை வாய் முழுக்க, அதாவது 10 செ.மீ. திறந்த பிறகு முதல் பிரசவத்துக்கு 3 மணி நேரம் வரை, அடுத்தடுத்த பிரசவத்துக்கு 2 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் அது தாமதமே இல்லை. அரைமணியில் பொறுமை இழந்து அமுக்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. திறந்தவுடனே முக்கச் சொல்லவும் வேண்டாம். தானாக முக்கல் உந்துதல் வரும்; முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்கலாம். 10 செ.மீ. ஆவதற்கு முன்பே “முக்கு, முக்கு” என்றால் கர்ப்பப்பை வாயின் முன்பக்க உதடு தலைக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டி வீங்கிக்கொள்ளும். பிறகு அதுவே வழியை மறிக்கும். அதை உண்டாக்கியவரே “பொம்பள சரியா முக்கல” என்று எழுதுவார்.

இரண்டாவது, மல்லாக்கப் படுக்கை. அந்தப் பெண் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், ஒருவரும் தொடவில்லை. மல்லாந்தால் இடுப்பின் பின்னெலும்பு கட்டிலில் அழுந்தி அசைய முடியாமல் போகும். பின்னால் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டிய எலும்பு அது. கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், தாய்க்கு மயக்கம் வரும், குழந்தையின் துடிப்பு இறங்கும். துடிப்பு இறங்கியதைக் காட்டித்தான் பிறகு அமுக்குவார்கள். இடது பக்கம் ஒருக்களித்து மேல்காலை ஒருவர் தாங்கலாம், கைகால் ஊன்றி நிற்கலாம், குந்தலாம், கட்டில் தலைமாட்டை உயர்த்தி உட்காரலாம்.

மூன்றாவது, சிறுநீர். எழுந்து போக முடியவில்லை என்றால் மெல்லிய குழாய் விட்டு வடித்துவிட வேண்டும். நிரம்பிய பை தலைக்கு முன்னால் ஒரு தலையணை.

நான்காவது, வலியின் பலம். 10 நிமிடத்துக்கு மூன்றுக்கும் குறைவாக, சிறிதாக வந்தால் டாக்டரைக் கேட்டு ஆக்ஸிடோசின் சொட்டு. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மில்லியூனிட்டில் தொடங்கி அரைமணிக்கு ஒருமுறை கூட்டலாம். 10 நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் போனால் குறைக்க வேண்டும், துடிப்பு கெட்டால் நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இறங்கவில்லை, அல்லது துடிப்பு 110-க்குக் கீழே போய் ஏறவே இல்லை என்றால் வாக்குவம். வாய் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பனிக்குடம் உடைந்திருக்க வேண்டும், தலை இடுப்பில் பொருந்தி அதன் திசை தெரிந்திருக்க வேண்டும், சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். கப்பின் நடு, குழந்தையின் தலையில் பின் உச்சிக்குழிக்கு 3 செ.மீ. முன்னால் விழ வேண்டும். வலியோடு சேர்த்து மூன்று இழுப்பில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு சிசேரியன். இதில் ஸ்டூலுக்கு எங்கே இடம்?

கத்தரிக்கோல்:
பெரிய ஆஸ்பத்திரில உக்காந்து எழுதுறது சுலபம். வாக்குவம் இல்லாத இடத்துல, ஆபரேஷன் தியேட்டர் ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்கிற இடத்துல, தலை தெரிஞ்சு நின்னுபோச்சு. துடிப்பு 80. சொல்லுங்க. உள்ளங்கையால ரெண்டு வலிக்கு லேசா கொடுத்தா குழந்தை உயிரோட வரும். அதையும் செய்யக் கூடாதா? உங்க பரிந்துரை அந்தக் குழந்தைக்கு உயிர் கொடுக்குமா?

எட்டுத்திக்கு:
இது நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் முதலில் எழுதியது “அமுக்காமல் எந்தக் குழந்தையும் வராது”. எந்தக் குழந்தையும் என்பது வேறு, இந்த ஒரு குழந்தை என்பது வேறு. கையால் அமுக்குவதையும் வயிற்றில் காற்றடைத்த பெல்ட் கட்டி அமுக்குவதையும் சேர்த்து 9 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் தொகுப்பு 2017-இல் பார்த்தது. பலன் உண்டு என்று சொல்லவும் சான்று போதவில்லை, பாதுகாப்பானது என்று சொல்லவும் போதவில்லை.

கத்தரிக்கோல்:
போதலன்னா தப்புன்னு அர்த்தம் இல்ல. நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

மரக்குழல்:
தலை வாசலில் நின்று துடிப்பு 80 என்றால், மரப்பு ஊசி போட்டு ஒரு எபிசியாட்டமி, அதாவது பிறப்புவழி வாசலை அகலமாக்க ஒரு வெட்டு. தோல் விரிந்து மெலிந்த பிறகு, நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வில். கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், கத்தரிக்கோல் எப்போது எடுப்பது என்று தெரியவில்லையே. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவது தவறு. இந்த மாதிரி ஒரு நொடிக்காகத்தான் அது தட்டில் இருக்கிறது.

கத்தரிக்கோல்:
என் பேர இழுக்காதீங்க. வெட்டுறது உங்களுக்கு மரியாதை, அமுக்குறது வன்முறை. நல்லாருக்கு நியாயம்.

விடியல்வெள்ளி:
வெட்டு என்றதும் நினைவு வருகிறது. தையல் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தப் பெண் மரத்துப்போகவில்லை என்று கத்தினார். லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து 1 சதவீதம், 10 மி.லி. வரை, வெட்டின இரண்டு ஓரத்திலும் தசையிலும் விசிறி மாதிரி பரப்பிப் போட வேண்டும். ஊசியை உள்ளே விட்டதும் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைச் செலுத்த வேண்டும். பிறகு 2 நிமிடம் காத்திருந்து, இடுக்கியால் கிள்ளிப் பார்க்க வேண்டும். உணர்ந்தால் இன்னும் 2 நிமிடம், தேவைப்பட்டால் எடைக்கு ஏற்ற எல்லைக்குள் இன்னும் கொஞ்சம் மருந்து. போட்ட கையோடு தைப்பதால்தான் கத்துகிறார்கள். மருந்து கெட்டதல்ல, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “குழந்தையே பெத்துட்ட, ரெண்டு தையல் தாங்க முடியாதா” என்ற வசனத்தை மட்டும் எல்லா இடத்திலும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

நடுச்சாமம்:
தைத்து முடித்ததும் ஆசனவாயில் விரல் விட்டு, தையல் அந்தப் பக்கம் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சும் எண்ண வேண்டும். உள்ளே ஒரு பஞ்சு விட்டுப்போனால் பிறகு நாற்றமும் காய்ச்சலும்.

கத்தரிக்கோல்:
இப்ப தையலுக்குப் போயிட்டீங்க. அமுக்குறதுல ஜெயிக்க முடியல.

மரக்குழல்:
ஜெயிக்க இது பந்தயம் இல்லை. ஒரே கேள்வி, மூன்றாவது முறை கேட்கிறேன். ஸ்டூல் எதற்கு? உள்ளங்கைதான் என்கிறீர்கள், லேசாகத்தான் என்கிறீர்கள், வலி வரும்போது மட்டும் என்கிறீர்கள். அப்படியானால் ஸ்டூல் எதற்கு?

கத்தரிக்கோல்:
குள்ளமா இருக்கிற நர்ஸ் ஸ்டூல் போடாம எப்படி நிப்பாங்க? கட்டில் உயரம் தெரியுமா உங்களுக்கு?

மரக்குழல்:
பிரசவக் கட்டிலை இறக்கலாம். பக்கத்தில் மிதி இருக்கும்.

கத்தரிக்கோல்:
எல்லாக் கட்டிலும் இறங்காது. அதுல பாதி துருப்பிடிச்சுக் கிடக்கு.

தாழை:
அந்தப் பெண் “வேண்டாம்” என்றார். கட்டில் இறங்குமா இறங்காதா என்பது அதற்குப் பிறகு.

கத்தரிக்கோல்:
வேண்டாம்னு சொல்லாத பொம்பள லேபர் ரூம்ல உண்டா?

விடியல்வெள்ளி:
எட்டுத்திக்கு, நீங்கள் முதலில் நான்கு வகை என்று தொடங்கினீர்களே, அதை முழுசாக எழுதுங்கள். இப்போதாவது படிப்பார்கள்.

எட்டுத்திக்கு:
எழுதியாகிவிட்டது. மேலே இருக்கிறது.

கத்தரிக்கோல்:
நானும் சொல்லியாச்சு. முழங்கை இல்ல, உள்ளங்கை.